மைஎஸ்க்யூஎல்-ஐ விட்டு போஸ்ட்கிரெஸுக்கு மாறலாம் என்று அலுவலகத்தில் எப்படி எடுத்துச் சொல்வது?

அடைப்புக்குறி

வணக்கம். எங்கள் குழு சிறியது. ஆய்வகக் கருவிகளை முன்பதிவு செய்யும் மென்பொருளைப் பராமரிக்கிறோம். எந்தக் கருவி, யாருக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அவ்வளவுதான் விஷயம். பின்னால் ஓடும் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7. இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாறலாம் என்று நான் சொல்ல ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. மேலாளர் காது கொடுத்துக் கேட்பார், "பார்க்கலாம்" என்பார், அதோடு சரி.

இந்த முறை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். கையில் உள்ள காரணங்கள்: ஜேசான்பி, பார்ஷியல் இண்டெக்ஸ், டேபிள் மாற்றங்களை டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே (முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் மொத்தமும் ரத்தாகும் செயல்தொகுப்பு) செய்யும் வசதி, விண்டோ ஃபங்ஷன், சிடிஇ, ஒழுங்காக வேலை செய்யும் செக் கன்ஸ்ட்ரெயின்ட் (மதிப்புகளுக்கான விதி), எக்ஸ்டென்ஷன்கள், தாராளமான உரிமம், எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட். எதை முன்னால் வைப்பது? வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

யானைப்பாகன்

விட்டது நிறைய. போஸ்ட்ஜிஐஎஸ், லாஜிக்கல் ரெப்ளிகேஷன், டிரைகிராம் தேடல் எல்லாம் எங்கே? 2019-இல் கிட்லேப் (நிரல்களைப் பராமரிக்கும் தளம்) தன் 12.1 பதிப்பில் மைஎஸ்க்யூஎல் ஆதரவையே நிறுத்திவிட்டது. அதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். அப்புறம் மைஎஸ்க்யூஎல் 2010 முதல் ஆரக்கிள் கையில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய கன்சோல்

இந்தப் பட்டியலைக் கொண்டுபோனால் மறுபடியும் "பார்க்கலாம்"தான் கிடைக்கும்.

விண்டோ ஃபங்ஷனும் சிடிஇ-யும் 2018-லேயே மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு வந்துவிட்டன. செக் கன்ஸ்ட்ரெயின்டை எழுதினால் வாங்கி வைத்துக்கொண்டு கண்டுகொள்ளாமல் விடுகிற பழக்கமும் 8.0.16-ஓடு போய்விட்டது. ஆக, உங்கள் காரணங்களில் பாதி 5.7-ஐ விட்டு வெளியேறச் சொல்கிறதே தவிர மைஎஸ்க்யூஎல்-ஐ விட்டு வெளியேறச் சொல்லவில்லை. கூட்டத்தில் விவரமான ஆள் ஒருவர் இருந்தால் போதும், "அப்படியென்றால் 8-க்கு ஏற்றிவிடலாமே" என்பார். உங்களிடம் பதில் இருக்காது.

யானைப்பாகன், கிட்லேப்பைச் சொன்னால் எதிர்ப்பக்கம் ஊபரைச் சொல்வார்கள். 2016-இல் அவர்கள் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்க்யூஎல்-க்குப் போனதை விரிவாகவே எழுதினார்கள். ஒரு ரெக்கார்டில் ஒரு ஃபீல்டு மாறினாலும் அதன் எல்லா இண்டெக்ஸ்களிலும் எழுத வேண்டியிருக்கிறது என்பது அதில் முக்கியமான குறை. அவர்கள் அளவில் அது நியாயமான குறைதான். ஆனால் அவர்கள் பிரச்சினையும் கிட்லேப் பிரச்சினையும் கருவி முன்பதிவு செய்கிறவருக்கு எதற்கு?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் மேலாளருக்கு இப்போது எது தலைவலி?

அடைப்புக்குறி

இரட்டைப் பதிவு. சந்தேகமே இல்லை. ஒரே மைக்ராஸ்கோப்பை ஒரே நேரத்துக்கு இரண்டு குழுக்கள் பதிவு செய்துவிடுகின்றன. இருவர் கையிலும் உறுதிசெய்த மின்னஞ்சல் இருக்கும். கருவி முன்னால் நின்று சண்டை போட்டுவிட்டு இரு தரப்பும் நேராக மேலாளரிடம் போகிறார்கள். பதிவு செய்யும் முன் அந்த நேரம் காலியா என்று எங்கள் நிரல் பார்க்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவ்வப்போது நடந்துவிடுகிறது.

பழைய கன்சோல்

அவ்வப்போது என்றால் பெரும்பாலும் இதுதான். முதல் ஆள் கேட்கிறார்: பத்திலிருந்து பன்னிரண்டு வரை காலியா? காலி. அவர் பதிவு இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது நிரந்தரமாகவில்லை. அதற்குள் இரண்டாவது ஆள் பதினொன்றிலிருந்து ஒன்று வரை கேட்கிறார். அவருக்கும் காலி என்றே பதில் வரும். முதலாமவர் போட்டது அவருடைய டிரான்ஸாக்‌ஷனுக்குத் தெரியாது. இருவரும் எழுதுகிறார்கள், இரண்டும் கமிட் ஆகின்றன. இடையில் இருந்தது மில்லிநொடிகள்தான். அதனால்தான் சோதனைச் சூழலில் எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும் அகப்படாது.

இதற்கான மருந்தைப் பட்டியலில் கடைசியாக வைத்திருக்கிறீர்கள். ஜேசான்பி-யை முதலில் போட்டிருக்கிறீர்கள்.

புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கருவி எண்ணையும் நேரத்தையும் சேர்த்து யுனிக் இண்டெக்ஸ் போட்டால் போதாதா?

யானைப்பாகன்

எல்லாப் பதிவும் அரை மணி நேரத் துண்டுகள்தான் என்றால் போதும். துண்டுக்கு ஒரு ரெக்கார்டு, அதன் மேல் யுனிக் இண்டெக்ஸ். எந்த டேட்டாபேஸிலும் ஓடும். ஆனால் தொடக்கமும் முடிவும் ஆளுக்கு ஆள் மாறினால் யுனிக் இண்டெக்ஸால் பிடிக்க முடியாது. 10:00 வேறு, 11:00 வேறு. இரண்டும் சமமில்லை, அதனால் அதற்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. நமக்கு வேண்டியது சமமா என்ற கேள்வி இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்ற கேள்வி.

போஸ்ட்கிரெஸில் நேர வரம்புக்கென்றே ரேஞ்ச் டைப் உண்டு, 2012-இல் 9.2-ஓடு வந்தது. தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைக்கலாம். அதன்மேல் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்: கருவி எண் ஒன்றாக இருந்து, நேர வரம்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இரண்டு ரெக்கார்டுகள் இந்த டேபிளில் இருக்கவே கூடாது. இப்படி மோதலைப் பார்ப்பது ஜிஸ்ட் என்ற இண்டெக்ஸ் வகை, கருவி எண்ணையும் அதிலேயே சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் தேவைப்படும். அது கூடவே வருகிறது. ரத்தான பதிவுகளை ஒரு வேர் (WHERE) நிபந்தனையால் விலக்கிவிடலாம். வரம்பின் தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்பதுதான் இயல்பு, ஆகவே பத்து–பதினொன்றும் பதினொன்று–பன்னிரண்டும் மோதாது.

இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டாவது ஆள் முதலாமவர் முடிக்கும் வரை காத்திருப்பார். முதலாமவர் கமிட் செய்தால் இவருக்கு 23பி01 என்ற பிழை வரும். அதைப் பிடித்து "இந்த நேரம் இப்போதுதான் போய்விட்டது" என்று திரையில் காட்டுங்கள், வேலை முடிந்தது. 18-ஆம் பதிப்பில் பிரைமரி கீயிலும் யுனிக்கிலுமே "வித்தவுட் ஓவர்லாப்ஸ்" என்று எழுதிவிடலாம்.

பழைய கன்சோல்

அழகாகச் சொன்னீர்கள். இப்போது எதிர்த்தரப்புக்காகவும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் யாராவது பேசியே தீருவார்கள்.

மைஎஸ்க்யூஎல்-இலும் இதை அடைக்கலாம். பதிவு செய்யும் முன் கருவிகள் டேபிளில் அந்தக் கருவியின் ரெக்கார்டை "செலக்ட் ஃபார் அப்டேட்" போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள். பூட்டு கையில் வந்த பிறகு காலியா என்று பாருங்கள். அப்புறம் எழுதுங்கள். ஒரே கருவிக்கு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், மற்ற கருவிகளுக்குத் தொந்தரவில்லை.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்-இன் இயல்பான நிலை ரிப்பீட்டபிள் ரீட். டிரான்ஸாக்‌ஷனில் பூட்டுக்கு முன்னால் ஏதாவது ஒரு சாதாரண செலக்ட் ஓடியிருந்தால் (பயனரின் அனுமதியைப் பார்க்கிற க்வெரியாக இருந்தாலும் சரி) அந்தக் கணத்தின் காட்சி உறைந்துவிடும். பிறகு பூட்டைப் பிடித்துக் காலியா என்று சாதாரண செலக்டில் கேட்டால் பழைய காட்சியைத்தான் காட்டும். நீங்கள் பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் கமிட் ஆன பதிவு அதில் தெரியாது. பூட்டு இருக்கும், இரட்டைப் பதிவும் இருக்கும். பூட்டுவதுதான் டிரான்ஸாக்‌ஷனின் முதல் வேலையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலியா என்று பார்க்கும் க்வெரியும் பூட்டும் க்வெரியாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்து எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே "மைஎஸ்க்யூஎல்-ஆல் முடியாது" என்று எழுதாதீர்கள், அது பொய். அங்கே அந்த விதியைக் காப்பது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு, இங்கே டேபிளே காக்கும். இப்படி எழுதுங்கள். பதிவு டேபிளில் எழுதுகிற இடங்கள் உங்களிடம் எத்தனை?

அடைப்புக்குறி

இணையதளம், கைபேசி ஏபிஐ, நிர்வாகத் திரை, தொடர்பதிவுகளை இரவில் உருவாக்கும் கிரான் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை), வெளியிலிருந்து வரும் எக்செல் கோப்பை ஏற்றும் ஸ்கிரிப்ட். கடைசி இரண்டும் நாங்கள் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. ஏற்றும் ஸ்கிரிப்ட் பொது லைப்ரரி எதையும் தொடுவதில்லை, நேராக இன்சர்ட்தான். இதை எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

பழைய கன்சோல்

கலக்கட்டும். இருக்கிற டேபிளை அதனோடே ஜாயின் செய்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பதிவு ஜோடிகளை எண்ணுங்கள். எந்த வழியாக உள்ளே வந்தன என்று பிரியுங்கள். உங்கள் ஆவணத்தின் முதல் வரி அந்த எண்தான். வேறு நிறுவனத்தின் கதையை விட உங்கள் டேபிளின் எண்ணுக்கு மதிப்பு அதிகம். எப்படியும் அந்த எண்ணிக்கை தேவைப்படும். ஏற்கெனவே மோதும் ரெக்கார்டுகள் இருந்தால் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்டைப் போடவே முடியாது. ஃபாரின் கீ, செக் மாதிரி "பழையதைப் பிறகு பார்க்கலாம்" என்கிற நாட் வேலிட் சலுகை இதற்குக் கிடையாது.

இரவுப்பணி

நள்ளிரவில் போன் வந்தால் எழுந்திருக்கிற ஆள் நான். என் தரப்பையும் கேளுங்கள்.

மைஎஸ்க்யூஎல் படுத்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு விரல் நுனியில் தெரியும். பேக்கப் எங்கே, பின்லாக்கை (மாற்றங்களின் பதிவேடு) எங்கிருந்து ஓட்டுவது, ரெப்ளிகா (உடனுக்குடன் ஓடும் நகல்) பின்தங்கினால் எங்கே பார்ப்பது, எல்லாம். போஸ்ட்கிரெஸ் வந்தால் அத்தனையும் புதிது. வால் (WAL, போஸ்ட்கிரெஸின் மாற்றப் பதிவேடு) ஆர்க்கைவிங் நின்றுபோனது தெரியாமல் டிஸ்க் நிரம்பும். யாரோ ஒருவர் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார், வேக்குவம் பழைய பதிப்புகளைச் சுத்தம் செய்ய முடியாமல் டேபிள் ஊதும். இணைப்பு ஒவ்வொன்றும் தனி பிராசஸ், இயல்பான உச்சவரம்பு 100. ரிக்வெஸ்டுக்கு ஒரு இணைப்பு திறக்கிற அப்ளிகேஷனாக இருந்தால் நடுவில் பிஜிபவுன்சர் (இணைப்புகளைப் பகிர்ந்து தரும் மென்பொருள்) வைக்காமல் தப்ப முடியாது, அப்புறம் அதையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் தீர்க்க முடியாதவை இல்லை. ஆனால் முன்மொழிவுகளில் இந்தப் பக்கம் எப்போதும் வெற்றாகவே இருக்கிறது. பேக்கப் எடுப்பதைப் பற்றி ஒரு வரி இருக்கும், மீட்டெடுப்பதைப் பற்றி ஒன்றும் இருக்காது.

யானைப்பாகன்

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். ஆட்டோவேக்குவம் இருக்கிறது, சும்மா கிடக்கும் டிரான்ஸாக்‌ஷனுக்குக் காலவரம்பு வைக்கலாம், நிர்வகிக்கப்பட்ட சேவையாக எடுத்தால் பாதி வேலை அவர்கள் தலையில். சரி, பயமாக இருந்தால் முன்பதிவுப் பகுதியை மட்டும் போஸ்ட்கிரெஸில் வையுங்கள், மற்றது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இரவுப்பணி

இரண்டு டேட்டாபேஸ், இரண்டு பேக்கப், இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையா என்ற சந்தேகம், நடுவில் ஃபாரின் கீ கிடையாது, பயனர் பெயரோடு பட்டியல் எடுக்க ஜாயின் கிடையாது. நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று முழுசாக வாருங்கள், இல்லை இருங்கள்.

பட்ஜெட்பேனா

நான் இந்த மாதிரி ஆவணங்களை வாங்கிப் படிக்கிற இடத்தில் இருப்பவன். நுட்பம் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு பேசியும் யாரும் கேட்காத ஒன்று: ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்?

5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டதாக எங்கள் குழு சொன்னது. 8.0-க்கும் 2026 ஏப்ரலோடு முடிவு. அப்படியானால் இவர்கள் 8.4-க்காவது போயே ஆக வேண்டும். சோதனை, நிரல் திருத்தம், நிறுத்த நேரம் எல்லாம் அதற்கும் உண்டு. ஆகவே மாறும் செலவையும் மாறாத செலவையும் ஒப்பிடாதீர்கள், சும்மா இருப்பது என்ற தேர்வே இல்லை. 8.4-க்கு ஏறும் செலவையும் போஸ்ட்கிரெஸுக்குப் போகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது கூடுதலாகத்தான் வரும், அதை மறைக்க வேண்டாம். அந்தக் கூடுதலுக்கு எனக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். "நவீனமானது" என்ற சொல் இருந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

புதுவரவு

நிரல் திருத்தம் என்றால் எவ்வளவு இருக்கும்? ஓஆர்எம் (எஸ்க்யூஎல்-ஐ நமக்காக எழுதும் லைப்ரரி) பயன்படுத்தினால் டிரைவரை மாற்றினால் போதும் என்கிறார்களே.

பழைய கன்சோல்

போதும் என்கிறவர்கள் மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். பேக்டிக், லிமிட் எழுதும் விதம், "ஆன் டூப்ளிகேட் கீ"-க்குப் பதில் "ஆன் கான்ஃப்ளிக்ட்", அன்சைன்டு எண்கள் இல்லாமை, 0000-00-00 தேதிகள் எல்லாம் முதல் ஓட்டத்திலேயே பல்லைக் காட்டிவிடும். பிஜிலோடர் மாதிரி கருவிகள் தரவைக் கொண்டுவரும்போது கணிசமானதைக் கவனித்துக்கொள்ளும். கத்துகிற பிழைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கத்தாதவை இரண்டு சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல்-இன் இயல்பான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. போஸ்ட்கிரெஸில் வேறு வேறு. நேற்று வரை மின்னஞ்சல் முகவரியைப் பெரிய எழுத்தில் அடித்து உள்ளே வந்தவர் இன்று "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று பார்ப்பார், புதிதாகப் பதிவு செய்வார், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. சிடெக்ஸ்ட் (பெரிய, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காத) வகையோ, சின்ன எழுத்தாக்கிய மதிப்பின் மேல் யுனிக் இண்டெக்ஸோ முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு க்வெரி பிழையானால் போஸ்ட்கிரெஸ் மொத்த டிரான்ஸாக்‌ஷனையும் செல்லாததாக்கிவிடும். ரோல்பேக் செய்யும் வரை அடுத்து எதைக் கொடுத்தாலும் வாங்காது. மைஎஸ்க்யூஎல்-இல் டூப்ளிகேட் கீ பிழை வந்தால் பிடித்துப் புறக்கணித்துவிட்டு அதே டிரான்ஸாக்‌ஷனில் மேலே போகலாம். பழைய ஏற்றும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இதை நம்பியே ஓடுகின்றன. அந்த இடங்களில் சேவ்பாயின்ட் (பாதியில் திரும்பி வரக் குறித்து வைக்கும் இடம்) வேண்டும், இல்லை "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்". அடைப்புக்குறி, உங்கள் எக்செல் ஸ்கிரிப்டை முதலில் திறந்து பாருங்கள்.

அடைப்புக்குறி

பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகிறது. மோதும் ஜோடிகளையும் எண்ணினேன். பெரும்பகுதி அந்த ஸ்கிரிப்ட் வழியாகவும் கிரான் வழியாகவும் வந்தவை, இணையதளத்தின் வழியாக வந்தவை விரல்விட்டு எண்ணலாம்.

வரைவு இது:

"முன்பதிவு டேபிளில் இன்று இத்தனை மோதல்கள் உள்ளன. ஐந்து வழிகளில் எழுதுகிறோம், இரண்டு வழிகள் எந்தச் சரிபார்ப்பும் செய்வதில்லை. அந்த இரண்டையும் உடனே பூட்டு முறைக்குக் கொண்டுவரலாம், டேட்டாபேஸை மாற்றத் தேவையில்லை. ஆனால் ஆறாவது வழியை எழுதுகிறவர் அதே ஒழுங்கை மறக்காமல் பின்பற்ற வேண்டும். 5.7-ஐ விட்டு எப்படியும் வெளியேற வேண்டியிருப்பதால், விதியை டேபிளிலேயே வைக்கும் டேட்டாபேஸுக்குப் போகப் பரிந்துரைக்கிறேன். 8.4-க்குப் போவதை விட இதற்கு வேலை அதிகம். அதிகப்படி எங்கே என்பதைக் கீழே தனியாகக் கொடுத்துள்ளேன். முதல் படி முழுத் தரவின் நகலை போஸ்ட்கிரெஸில் ஏற்றி, பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டுவது. அதுவரை நடப்புச் சேவையில் கை வைக்கப்போவதில்லை."

ஜேசான்பி-யை எடுத்துவிட்டேன். மனசு வரவில்லைதான்.

இரவுப்பணி

மீட்டெடுப்பை முதல் படியில் வைத்ததற்கு ஒரு கும்பிடு. ஒன்று சேருங்கள்: எந்தக் கட்டம் வரை திரும்பி வரலாம்? புதிய டேட்டாபேஸில் பயனர்கள் எழுத ஆரம்பித்த பிறகு பழையதற்குத் திரும்பினால் இடையில் வந்த பதிவுகள் போய்விடும். அந்தக் கோடு எங்கே, அதைத் தாண்டும் முன் யார் சரி சொல்ல வேண்டும் என்று எழுதிவிடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

பட்ஜெட்பேனா

இதை நான் படித்திருப்பேன். "உடனே பூட்டு முறைக்குக் கொண்டுவரலாம்" என்ற வரியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது உங்கள் வாதத்துக்கு எதிரானது போலத் தெரியும். ஆனால் மலிவான தீர்வையும் சொல்லிவிட்டு அதற்கு மேல் கேட்கிறவரை நம்பத் தோன்றும்.

யானைப்பாகன்

பூட்டு முறை வேலை செய்துவிட்டால் "இது போதுமே" என்று 8.4-ஓடு நிறுத்திவிடுவார். பாருங்கள்.

பழைய கன்சோல்

நிறுத்தினால் நிறுத்தட்டுமே. இரட்டைப் பதிவு நின்றிருக்கும் அல்லவா?

அடைப்புக்குறி

கூட்டம் முடிந்தது. மோதல் எண்ணைப் பார்த்ததும் மேலாளர் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசினார். பூட்டுத் திருத்தம் ஏற்கெனவே போய்விட்டது. 8.4-ஆ போஸ்ட்கிரெஸா என்பதில் அவர் கேட்டது ஒரே கேள்வி, இங்கே யாரும் கேட்காதது: "நீங்கள் விடுப்பில் இருக்கும்போது இது படுத்தால் யார் எழுப்புவார்?"

உண்மையில் யாருமில்லை. ஆகவே நிபந்தனை வைத்தார். நகலை ஏற்றுவது நான், ஆனால் பேக்கப்பிலிருந்து மீட்பதை என்னைத் தவிர இரண்டு பேர், என் உதவியில்லாமல், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்து காட்ட வேண்டும். செய்தால் போஸ்ட்கிரெஸ், இல்லாவிட்டால் 8.4. யானைப்பாகன் பயந்தது நடக்கவில்லை, நடக்கவும் வாய்ப்பிருக்கிறது.

ஒருவர் செய்துவிட்டார். குறிப்பில் வால் கோப்புகள் இருக்கும் பாதை தவறாக இருந்ததை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். இரண்டாமவர் அடுத்த வாரம்.

யானைப்பாகன்

வாழ்த்துகள்! சிடெக்ஸ்ட் போட்டீர்களா, இண்டெக்ஸா?

அடைப்புக்குறி

இண்டெக்ஸ். எக்ஸ்டென்ஷன் எண்ணிக்கையை இரவுப் பணியில் இருக்கிறவர்கள் குறைவாக வைக்கச் சொன்னார்கள்.

இரவுப்பணி

நல்ல மனிதர்கள். நகலில் தரவை ஏற்றியதும் சீக்வென்ஸ்களை (அடுத்த எண்ணைத் தரும் எண்ணிகள்) டேபிளில் உள்ள பெரிய எண்ணுக்கு நகர்த்தினீர்களா? எண்களோடு சேர்த்து ரெக்கார்டுகளை நேராகக் காப்பி செய்தால் சீக்வென்ஸ் ஒன்றிலேயே நிற்கும். முதல் புதிய பதிவே டூப்ளிகேட் கீ என்று விழும். பிஜிலோடர் அதைச் செய்துவிடும், கையால் ஏற்றிய டேபிள்கள் ஏதாவது இருந்தால் பாருங்கள்.

அடைப்புக்குறி

இரண்டு டேபிள்களைக் கையால்தான் ஏற்றினேன். ஒன்று விடுபட்டிருக்கிறது. இப்போதே குறிப்பில் சேர்க்கிறேன், இரண்டாமவர் அதைப் பார்த்துத்தான் செய்யப்போகிறார்.